விலாவில் கட்டிய மவுஸ்

மவுஸைக் கழுதையின் விலாவில் கட்டும் யோசனை என்னுடையதுதான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. லேப்டாப்பில் மவுஸ் ஐந்து நிமிடம் அசையாவிட்டால், என் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். கழுகு உடனே குறித்துக்கொள்ளும். அந்த வாரம் ஆறு பேரைத் தூக்கப்போவதாகப் பேச்சு. நான் ஏற்கெனவே இரண்டு முறை மஞ்சள். இன்னொரு முறை என்றால் சீட்டு கிழிந்தது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. போங்கடா என்று, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மலையேற வந்துவிட்டேன்.

லேப்டாப் சுமைக்குள். மவுஸ் மட்டும் வெளியே, விலாவோடு ஒட்டி. கழுதை நடந்தால் நான் வேலை செய்கிறேன் என்று கணக்கு. இரண்டு நாள் அது என்னைவிட நன்றாகவே வேலை பார்த்தது.

கழுதைக்கார அக்கா அதைச் ‘சின்னவ’ என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு கழுதைதான்.

“ஏம்மா, சம்பளம் உனக்கா, எங்க சின்னவளுக்கா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

மூன்றாம் நாள் காலை, கணவாய்க்குக் கீழே ஒற்றையடிப் பாதை முழுக்கப் பனி உறைந்து கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். சின்னவ நின்றுவிட்டது. லேப்டாப்புக்கு இணையம் என் போனிலிருந்துதான்; அதில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அந்த வளைவைத் தாண்டினால் வந்துவிடும். இருபது அடிதான்.

“வெயில் ஏறட்டும். ஒரு மணி நேரத்துல இளகிடும்” என்றாள் அக்கா.

“ஒரு மணி நேரமா? லேப்டாப்பையாவது அவுத்துக் குடுங்கக்கா. நான் நடந்து போய்க்கிறேன்.”

“இங்க கயித்தை அவுத்தா சுமை ஒரு பக்கமா சரியும். அவளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். பேசாம உக்காரு.”

“என் வேலை போனா நீங்களா தருவீங்க?”

அவள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, முன்னால் குனிந்து அரிவாளால் பனியைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது.

“நட, சனியனே!”

ஊன்றுகோலால் பின்னாலிருந்து அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் இரும்பு முனை தொடையில் இறங்கியது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது.

சின்னவ துள்ளியது. முன்னங்கால் வழுக்கியது. கயிறு அக்காவை விளிம்பு வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. மணிக்கட்டுத் தோல் உரிந்துகொண்டு வந்த பிறகுதான் கயிறு விடுபட்டது. கீழே பாறையில் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்த அலறல். ஐயோ, ஒரு மிருகம் அப்படி அலறும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா என் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பாறையில் மோதினாள். முன்பல் உடைந்தது. நான் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தேன், கையைக் கடித்தேன். மறுபடி மோதினாள்.

“விடுக்கா! கழுதைதானே!” என்று கத்தினேன்.

அவள் விட்டுவிட்டாள். என்னை அடித்தே கொன்றிருக்கலாம் என்று அந்த நிமிடமே தோன்றியது.

பாறையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். சின்னவளின் பின்னங்கால்கள் இரண்டும் ஒடிந்திருந்தன. அதன் தலையை மடியில் வைத்து, காதோரம் ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு கல்லைத் தூக்கினாள். மூன்றாவது அடியில் அலறல் நின்றது.

அவள் மேலே வர வெகுநேரமானது. முழங்கை வரைக்கும் ரத்தம். கையடக்கமாய் இன்னொரு கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

“எந்தக் கை?” என்றாள்.

எனக்குப் புரிந்தது. ஓடியிருக்கலாம். வந்த வழி பின்னால் அப்படியேதான் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, வலது கையைப் பாறைமேல் வைத்தேன்.