இரண்டாவது காயில்

1

இந்தக் கதை ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது. நான் பல்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு ஹீட்டர் காயிலைக் கவுன்டரில் வைத்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார். பழையது போய்விட்டதா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, கோழிக்குப் புகை போடுகிற பெட்டிக்கு ஒன்று பத்தவில்லை, கூட ஒன்று சேர்க்கப் போகிறோம் என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அம்மாள் போய்விட்டார்.

நான் பல்பு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். எந்த ஒயரில் மாட்டுவார்கள்? சூடு ஏறிக்கொண்டே போனால் எது அணைக்கும்? எழுதினால் இந்தக் கேள்விகள் நிற்கும் என்று உட்கார்ந்தேன். நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "பெட்டிக்குள்ளிருந்து முதலில் வந்தது புகை அல்ல,

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே நெருப்பு வைத்துவிட்டால் பிறகு யாரையும் காப்பாற்ற முடியாது.)

இரண்டாவது: "குளிர் அதிகமான அந்த வாரத்தில் மின்தடையின் இயற்பியல்

(படித்தவள் என்று காட்டிக்கொள்கிறேன். வேண்டாம்.)

மூன்றாவது: "அத்தான் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை."

இது இருக்கட்டும். அவள் இயற்பியல் படித்தவள். வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கிறாள். கோழி கழுவுவாள், பொட்டலம் கட்டுவாள். கேட்டால் பேசுவாள், அதுவும் பாதிதான்.

3

அக்காவும் அத்தானும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கோழிக்குப் புகை போட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார்கள்.* குளிர் வந்ததும் பெட்டி சூடேற மறுத்தது. ஒரு ஹோட்டல் மொத்தக் கோழியையும் திருப்பி அனுப்பியது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருந்ததாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வெதுவெதுப்பில் கிடக்கும் கோழி கிருமிக்குத் தொட்டில்.

* பெட்டி என்றால் ஆள் உயர இரும்பு அலமாரி. அடியில் காயில், அதன் மேல் மரத்தூள் தட்டு, பிறகு கொழுப்பு சொட்டும் தட்டு, மேலே கொக்கியில் கோழி. வெளியே ஒரு திருகு. வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் காயிலை அணைக்கும், ஆறியதும் போடும்.

அத்தான் புதுக் காயிலை வாங்கிவந்து, பழைய காயிலின் ஒயரோடு சேர்த்து முறுக்கப் போனார். அப்போதுதான் கேட்டார்.

"என்ன விஞ்ஞானி, மாட்டலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்."

"அந்தத் தெர்மோஸ்டாட் ரெண்டைத் தாங்காது அத்தான். உள்ள ஒட்டிக்கிட்டு அணையாமலே நின்னுடும். அதனால..."

ஹோட்டலிலிருந்து போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அவள் சொல்ல இருந்ததை நான் சொல்லிவிடுகிறேன். வாசகருக்கும் பாதி கிடைத்துவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் ஒரு கான்டாக்டரை, அதாவது அதிக மின்சாரம் தாங்கும் தனி ஸ்விட்சை, மட்டும் இயக்கட்டும். அந்தக் கான்டாக்டர் இரண்டு காயிலையும் சேர்த்தே போடட்டும், சேர்த்தே அணைக்கட்டும். அதுவும் மக்கர் செய்தால் எல்லாவற்றையும் துண்டிக்க, சூடு எல்லை மீறும்போது அறுபடும் கட்அவுட் ஒன்று தனியாக. பளு தாங்குகிற தனி லைன், சூடு தாங்கும் ஒயர், பெட்டிக்கு எர்த்.

(மாட்டுகிற எண்ணம் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை நம்பி இறங்காதீர்கள். இது கதை. கதைக்கு எர்த் கிடையாது.)

4

அத்தானுக்குக் காதில் விழுந்தது, தெர்மோஸ்டாட் தாங்காது என்பது மட்டும். அதை மதித்தார். அதுதான் வம்பு. புதுக் காயிலைத் தெர்மோஸ்டாட் பக்கமே கொண்டுபோகாமல், அதற்குத் தனி ப்ளக் வைத்து நேரே சுவரில் செருகினார். உள்ளே ஒயர் சேரும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றினார். எர்த் ஒயரை மடித்து ஓரமாக விட்டார்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்மா. சரியா இருக்கா?"

அவள் பார்த்தாள். "ம்" என்றாள்.

இந்த "ம்"மை யாரும் நம்ப மாட்டார்கள் என்று கதையைப் படித்த தோழி சொன்னாள். விஷயம் தெரிந்தவள் எப்படி அப்படிச் சொல்வாள்? சரி என்று ஒரு வரைவில் அத்தானைக் கெட்டவராக்கினேன். கத்தினார், தட்டைத் தள்ளினார். அங்கே அவளுக்குப் பேசுவது சுலபமாக இருந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சாப்பிடும்போது நல்ல துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்பவர். அப்படிப்பட்டவர் முகம் மலர்ந்து கேட்கும்போது, நீங்கள் செய்தது அத்தனையும் தப்பு என்று எந்த வாயால்

5

மறுநாள் காலையில் கோழி ஏற்றினார்கள். பெட்டி திகுதிகுவென்று சூடேறியது. "அடியே, இது பொட்டியா எரிமலையா?" என்று அக்கா சிரித்தாள். கோழி நன்றாக வெந்து வந்தது. வெட்டிப் பார்த்தார்கள், எலும்பு வரை வெள்ளை. அத்தான் தங்கையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அக்கா திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். இந்த வீட்டில் அணைப்பது என்றால் அதுதான். சுவர் ஸ்விட்சுகள் மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கின்றன, அங்கே யாரும் கை விடுவதில்லை. திருகு பழைய காயிலை மட்டும்தான் அணைக்கும், புதியதில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியும். டேப் உருகும் வாடையும் அவளுக்கு வருகிறது.

அக்கா துணியை வாளியில் முக்கினாள். உள்ளே துடைப்பதற்காகப் பிழிந்துகொண்டே பெட்டியின் கதவைத் திறந்தாள்.

6

முடிவு ஒன்று: தங்கை கத்தினாள். (எழுதிப் பார்த்தேன். அந்தக் குரல் அவளுடையது இல்லை, என்னுடையதும் இல்லை.)

முடிவு இரண்டு: கத்தவில்லை. ஈரத்துணி உருகிய டேப்பின் மேல்

(முடியாது.)

முடிவு மூன்று: முந்தைய நாளே கான்டாக்டர், கட்அவுட், எர்த் எல்லாம் மாட்டியாயிற்று. எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. தோழி, இதில் கதை எங்கே என்றாள். கதை இல்லாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று அவளுக்கு எப்படி விளக்குவது.

7

அதனால் எழுதுகிறவள் செய்யக் கூடாததைச் செய்தேன். கொட்டகைக்குள் போனேன். மூட்டைகளை நகர்த்தினேன். இரண்டு ப்ளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். இப்போது அது வெறும் இரும்பு அலமாரி.

அக்கா துடைத்தாள். துணி சுர்ரென்றது. வேறொன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? எதுவோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே."

அத்தானும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். இரண்டு பேரும் நிஜமாகவே கேட்கக் காத்திருக்கிறார்கள். இந்த அளவுக்குத்தான் என்னால் ஏற்பாடு செய்ய முடிந்தது. அடுத்த கோழி தயாராக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

அவள் சொல்லியாக வேண்டும். எனக்குக் கிடைத்த வாக்கியங்கள் ஒன்று அவரைக் குத்துகின்றன, இல்லையென்றால் பாதியில் நிற்கின்றன. உங்களிடம் ஒன்று இருக்கலாம். இருந்தால் அவளிடம் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மூட்டை நகர்ந்திருப்பதை அத்தான் இப்போதுதான் கவனித்தார். ப்ளக் கழன்றிருக்கிறதே என்று மறுபடி செருகக் குனிகிறார்.