மானஸ்தன் மகன்

தண்ணீர் விழும் சத்தம் நின்று வெகுநேரமாகியும் குளியலறைக் கதவு திறக்கவில்லை.

வெங்காயம் அரிந்த கத்தி கையிலிருக்க, அவள் கதவோரம் நின்றாள். தட்டலாமா? என்ன சொல்லித் தட்டுவது? தலை நரைக்கத் தொடங்கிவிட்ட மகனிடம், சின்னப்பிள்ளையிடம் கேட்பதுபோல, “உள்ள என்னடா பண்ற?” என்று கேட்க முடியுமா? கதவில் காதை வைத்தாள். ஒரு சத்தமுமில்லை.

“டேய்... சோப்பு இருக்கா?”

“இருக்கும்மா.”

போன உயிர் திரும்பி வந்தது. அடுப்படிக்கு வந்து மறுபடி வெங்காயத்தைக் கையிலெடுத்தாள். மருமகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீயைக் குறைத்தாள்.

மகன் வேலை பார்த்த தொழிற்சாலையில் குளிர்பெட்டிகளுக்குக் கதவு செய்தார்கள். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. ஒருநாள் காலையில் போனபோது தொழிற்சாலையின் கதவே மூடிக் கிடந்தது. வீட்டுக்கடனின் தவணையைக் கட்டக் கடன் அட்டையில் பணம் எடுத்தான். அட்டைக்குக் கட்ட வேறோர் இடத்தில் வாங்கினான். அதற்குக் கட்ட வாங்கிய இடத்தின் பெயரை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் ‘சார்’ என்றார்கள். அப்புறம் ‘என்னப்பா’ என்றார்கள். இப்போது வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் போதும், வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. அவளை உலுக்கியது வேறு. சில நாட்களாக மகன் சாந்தமாகிவிட்டான். கத்துவதில்லை. ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான். பால்காரருக்குப் பாக்கி தீர்த்தான். “உனக்குக் கண்ணு மங்கலா தெரியுதுன்னியேம்மா, வா” என்று அவளைக் கூட்டிப்போய்க் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான்.

அவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். மரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். கடை நொடித்தது, வேலை போனது, கடன் கழுத்தை நெரித்தது. கடைசி வாரத்தில் மனிதர் பூப்போல ஆகிவிட்டார். அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து காட்டினாள். மறுநாள் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது அவள் காதில் விழத்தான் செய்தது. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டே எழுந்தாள்.

இப்போது அந்தத் தண்ணீர்ச் சத்தம் தினமும் காலையில் நின்றது. சமயத்தில் குழாயே திறக்காதபோதும் அவளுக்கு அது நிற்பது கேட்டது.

அன்று மகன் வெளியே போனதும் திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். படுக்கையறையிலும் கழற்றினாள். சாயங்காலம் அவன் கேட்டான்.

“அம்மா, தாழ்ப்பாள் எங்க?”

“துருப்பிடிச்சுப் போச்சு. வேற வாங்கணும்.”

ஓட்டை விழுந்த இடத்தை அவன் சற்றுநேரம் பார்த்தான். துரு ஏறாத திருகாணிகளின் தடம் பளிச்சென்று தெரிந்தது. மறுநாளிலிருந்து கதவு திறந்துகொள்ளாமலிருக்க மருமகள் ஒரு பழந்துணியை மடித்துக் கதவிடுக்கில் செருகி வைத்தாள்.

ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். நல்லா யோசிச்சுட்டேன். முடிவு பண்ணிட்டேன்.”

அவள் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

“வக்கீலைப் பார்த்துட்டேன். மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறேன். திவால்னு மனு போட்டா, வீட்டை எடுத்து வித்து கடன் குடுத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க. மிச்சக் கடன் என்னைப் புடிக்காது. மானம்தான் போகும்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வந்தது, புரையேறியது. மருமகள் எழுந்து தலையில் தட்டினாள்.

“அவ்வளவுதானாடா? அவ்வளவுதானா?”

“எதுக்கும்மா சிரிக்கிற?”

“சாப்பிடு. சோறு ஆறுது.”

சேதி எப்படியோ கசிந்து, கணவரின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. குடும்பத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயைப் பார்த்துத்தான் நடக்கும். அடுத்த நாளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தபோது வாங்கவில்லை.

“நம்ம வம்சத்துல எவனாவது கோர்ட்டுல போய் நின்னு, ‘எங்கிட்ட ஒண்ணுமில்ல சாமி’ன்னு கையை விரிச்சிருக்கானாடா?”

“வேற வழி தெரியல பெரியப்பா.”

“வழி தெரியலையா? உங்கப்பன் எப்பேர்ப்பட்ட மானஸ்தன்! ஒருத்தன் முன்னாடியும் தலைகுனிய மாட்டேன்னுதானேடா போய்ச் சேர்ந்தான்! இந்தத் தோள்லதான் தூக்கிட்டு வந்தேன்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவன் பேரைச் சொன்னா இன்னிக்கும் நாலு பேரு எழுந்து நிக்கிறாங்க. அதுல போய் மண்ணள்ளிப் போடப் போறியா?”

பெரியவர் நடிக்கவில்லை. தம்பியை நினைத்து நிஜமாகவே அழுதார். அவளைப் பயமுறுத்தியது அதுதான். மகனைப் பார்த்தாள். அவன் தலை மெல்ல மெல்லக் கவிழ்ந்துகொண்டிருந்தது.

“பெரியப்பா சொல்றதும் சரிதானோ என்னவோம்மா...” என்றான். அதே சாந்தமான குரல்.

இந்தக் கதையைச் சொல்லி அவனை வளர்த்தவளே அவள்தான். ‘உங்கப்பா மானஸ்தன்’ என்று சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிறர் ரத்தம் தோய்ந்த விரிப்புகளை அலசியபோது, ‘மானஸ்தன் பெண்டாட்டி’ என்ற அந்தப் பட்டத்தைத்தான் போர்வைபோல் போர்த்திக்கொண்டு நின்றாள். அதைவிட்டால் அவளுக்கென்று வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

“மாமா,” என்றாள். பெரியவர் முன் அவள் உட்கார்ந்து பேசியதில்லை. அன்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவர் போனாரே, அந்தக் கடன் எங்க போச்சுன்னு கேட்டிருக்கீங்களா?”

“அது... எப்படியோ தீர்ந்துச்சு.”

“எப்படியோ தீரல. நான் தீர்த்தேன். அவரை எடுத்துட்டுப் போன ஈரம் காயறதுக்குள்ள செருப்புக்காலோட உள்ள வந்து நின்னாங்க. எங்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. இந்தக் கையைப் பாருங்க. வெளுப்புத் தண்ணியில ரேகையே அழிஞ்சு போச்சு.”

பெரியவர் பார்க்கவில்லை.

“ஒருத்தன் இருட்டினதுக்கு அப்புறம்தான் வசூலுக்கு வருவான். வட்டிக்குப் பதிலா வேற கேட்டான். இவனை மடியில போட்டுக்கிட்டு கதவுல முதுகை முட்டுக் குடுத்து உக்காந்திருந்தேன். உங்களுக்கு ஆள் விட்டேன். நீங்க வரல. நம்ம வீட்டுப் பொம்பளை ஊரான் துணி துவைக்கப் போறாளேன்னு பேச்சை நிறுத்தியிருந்த நேரம் அது.”

“இதையெல்லாம் இப்ப எதுக்கு...”

“மானம் அவரோட போயிடுச்சு மாமா. கடன் எங்கூட இருந்துச்சு. அவர் கோர்ட்டு வாசல்ல தலைகுனிஞ்சு நின்னிருந்தா, இவனுக்கு அப்பன் இருந்திருப்பான்.” மகன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு நீ போற. நானும் வரேன்.”

பெரியவர் எழுந்தார். “இனிமே எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் படியேற வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகள் அவர் தொடாத தண்ணீரை எடுத்துத் தானே குடித்தாள்.

நீதிமன்றத்து நடைகூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. “திவால் பார்ட்டி யாருப்பா? உள்ள வா!” என்று ஊழியர் கூவியபோது எல்லாத் தலைகளும் திரும்பின. அவள்தான் முதலில் எழுந்தாள். யார் பார்வைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள்.

நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். “கடனைத் தீர்க்க வேற வழியே இல்லையா?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

இருக்கிறது, எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“இல்லைங்க ஐயா” என்றான் மகன். சத்தமாகத்தான் சொன்னான்.

வீடு போயிற்று. ஒரு மாடிப் பகுதியில் இரண்டு அறைகளில் குடியேறினார்கள். பழுதான குளிர்பெட்டிகளைச் சரிசெய்யும் கடையில் மகன் வேலைக்குச் சேர்ந்தான். போன் அடிப்பது நின்றது. அந்த நிசப்தம் பழகுவதற்கே அவர்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. பரிமாறிக்கொண்டிருக்கும்போது மூவரும் சட்டென்று அசையாமல் காதைத் தீட்டுவார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்து மறுபடி சாப்பிடுவார்கள்.

சொந்தம் என்று யாரும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போயின. நொடித்தவன் கை பட்டால் விளங்காது என்று யாரோ சொன்னதை யாரோ வந்து சொன்னார்கள்.

ஒருநாள் விளக்கேற்றும் நேரம், யாரோ ஓசைப்படாமல் படியேறி வந்தார்கள். கதவைத் திறந்தாள். பெரியவரின் மகன். ஊரில் பெரிய மருந்துக்கடை அவனுடையது. வேர்த்துக் கொட்டியது.

“உள்ள வா. என்னப்பா இப்படி?”

“சித்தி... அண்ணனுக்குப் பார்த்த அந்த வக்கீல் அட்ரஸ் வேணும்.” குரல் கிசுகிசுத்தது. “கடை முழுகிடுச்சு. யாருக்கும் தெரியாது. நான் இங்க வந்ததும் தெரியக்கூடாது. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு.”

அவன் முகத்தைச் சவரம் செய்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு பை. “பசங்களுக்குத் துணி எடுத்தேன்” என்றான், அவள் கேட்காமலேயே.

அவள் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“கொல்ல மாட்டாருப்பா. நீயே சாகற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பாரு. செத்த பிறகு அழுவாரு. அப்புறம் உன்னை மானஸ்தன்னு சொல்லுவாரு.”

அவன் குழந்தைபோல விசும்பினான். அவள் கையை விடவில்லை. “அண்ணன் இப்ப வந்துடுவான். அவன்கூடப் போய்ப் பேசு. உன் பொண்டாட்டிக்குப் போன் போடு, இங்க இருக்கேன்னு சொல்லு” என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, மருமகளைக் கூப்பிட்டாள்.

“இன்னொரு தட்டு எடும்மா. சாப்பிட்டுட்டுத்தான் போகப் போறான்.”