பலகையில் ஒரு வரி

சித்தி டீயைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து வந்து நிற்பவளை வாசலோடு திருப்பி அனுப்பாமல் உள்ளே விட்டதே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு, அவள் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. பதினோரு வயதில் அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். சித்தி ஞாபகம் வைத்துப் போட்டாளா, கை தவறிப் போட்டாளா என்று இந்த நிலைமையில் கேட்க முடியுமா என்ன? ஒரே மூச்சில் குடித்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருந்தாள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கடைசியில் கடல் வந்து நின்றது. அப்பா வேலை பார்த்த படகுத்துறை அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது உல்லாசப் படகுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள். அதைத் தாண்டும்போது அவள் எதிர்ப்பக்கம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். நாற்பத்தொன்பது வயது, கண்ணாடி, தோளில் பை. அவளை அடையாளம் கண்டுபிடிக்க, சித்தியை விட்டால், அந்த ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை. ஆனாலும் யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வருவது போல முதுகு குறுகுறுத்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் தெரு.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஒரு சீட்டைக் கொடுத்தால் மருந்தை எடுக்கும்போது ஒருமுறை, வைக்கும்போது ஒருமுறை, கையில் கொடுக்கும் முன் ஒருமுறை என்று மூன்று தடவை சரிபார்ப்பாள். கடையில் அவளுக்கு 'மூணு தடவை மேடம்' என்றே பேர். காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்று கால் கடுத்து முனகுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவை பார்ப்பாள். எதனால் அப்படி ஆனாள் என்று யாருக்கும் சொன்னதில்லை, கட்டிய புருஷனுக்குக்கூட.

வந்த விஷயத்தைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு எண்பத்தொன்று. போன வருஷத்திலிருந்து ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. பேத்தியைத் தெரியவில்லை, சில நாள் பெற்ற மகளையே தெரியவில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகணும் என்று உட்கார்ந்துவிடுகிறார். எந்த வீடு என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. காலை வெயில் கட்டில் காலில் விழும் என்றார். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் நாக்கு கரிக்கும் என்றார். இந்த வீட்டின் பின்னறைதான் அது. அப்பாவும் சித்தப்பாவும் பிறந்த அறை. டாக்டர் ஆறு மாசம் என்கிறார், கூடிப்போனால் எட்டு. அதுவரைக்கும் அவர் இங்கே இருக்கலாமா என்று கேட்டாள்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதிரியே வந்து சொன்னாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசுவாள், அந்தக் காலத்திலிருந்தே அப்படி.

"ரூம் காலியாத்தான் இருக்கு. வேற யார் கேட்டாலும் குடுப்பேன்," என்றாள்.

அடுப்படிக்குப் போய் எதையோ கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை.

அப்பா அந்தப் படகுத்துறையில் எழுத்தராக இருந்தார். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. ஒரு படகு வெளியே போனால் அதன் எண்ணையும் ஆட்களையும் சாக்பீஸால் எழுதுவார். கரை திரும்பிய ஆள் தானே வந்து தலையைக் காட்டினால் ஈரத்துணியால் அந்த வரியை அழிப்பார். படகைப் பார்த்து அழிக்கக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும். அதுதான் சட்டம். விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு வரி மிச்சமிருந்தாலும் சங்கு ஊதும், தேட ஆள் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அன்றைக்கு அப்பா பத்து நிமிஷம் டீக்கடைக்குப் போயிருந்தார். பலகையில் சித்தப்பாவின் வரி ஒன்றுதான் பாக்கி. அலைதடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு பச்சைக் கோடு போட்ட வெள்ளைப் படகு வந்தது. சித்தப்பா படகுதான். சந்தேகமே இல்லை. சந்தேகப்பட அவளுக்கு வயதும் இல்லை. அப்பாவுக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிக் கொடுப்போமே என்று ஸ்டூலில் ஏறி அழித்துவிட்டாள். துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அப்பா வந்து பலகையைப் பார்த்துவிட்டு யார் அழித்தது என்று கேட்டார். சித்தப்பா வந்துட்டார்ப்பா என்றாள். பெற்ற பிள்ளை சொல்கிறதே, நம்பினார். அலுவலகத்தைப் பூட்டினார். அந்தப் படகு பக்கத்துக் கரைக்காரனுடையது. டீசல் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் சித்தப்பாவின் படகு மட்டும் குப்புறக் கிடைத்தது. விசாரணையில் அப்பா எழுந்து, பார்க்காமல் நான்தான் அழித்தேன் என்றார். வேலை போயிற்று. ஒரு மாசத்தில் ஊரை விட்டே கிளம்பினார்கள். பஸ்ஸில் அப்பா அவள் காதருகே குனிந்து ஒரே ஒரு தடவை சொன்னார். நீ அன்னைக்கு அங்க வரவே இல்ல, புரியுதா? அதற்குப் பிறகு தம்பி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அவளும் அன்றைக்கு அங்கே போகவே இல்லை என்றே சொல்லிச் சொல்லி, சில வருஷங்கள் அதை நம்பியும் பார்த்தாள். முழங்கை ஈரம்தான் நம்ப விடவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடைசி பஸ் ஐந்து மணிக்கு என்றாள். போய்விடலாம்தான். போனால் அப்பா நாளைக்கும் பையோடு உட்கார்ந்திருப்பார்.

"சித்தி, அந்த வரியை அழிச்சது அப்பா இல்ல. நான்."

பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டூலைச் சொன்னாள், பச்சைக் கோட்டைச் சொன்னாள், பஸ்ஸில் அப்பா சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது சித்தி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு ஆறு மணிக்குத் துறைக்குப் போய் ஜன்னல் வழியா பலகையைப் பாத்தேன்," என்றாள். "சுத்தமா இருந்துச்சு. வந்துட்டாருன்னு வீட்டுக்கு ஓடி வந்து சமைச்சேன். ஒன்பது மணி வரைக்கும் ஆளைக் காணோம். கூட்டாளிங்களோட குடிக்கப் போயிட்டாருன்னு எனக்கு ஆத்திரம். கதவைத் தாழ் போட்டுட்டுப் படுத்துட்டேன். ராத்திரி பூரா காத்துல கதவு ஆடிச்சு. அவருதான் தட்டுறாருன்னு நினைச்சேன். நல்லா தட்டட்டும்னு படுத்திருந்தேன்."

அவள் எழுந்து சித்தியின் அருகே போனாள். தோளைத் தொடலாமா என்று கை பாதி வழியில் நின்றது.

"இப்பவும் காத்தடிச்சா எழுந்து போய்த் திறக்கறேன். இத யாருக்கும் சொன்னதில்ல. எல்லாப் பழியையும் உங்கப்பா தலையில போட்டுட்டு இத்தன வருஷம் ஓட்டிட்டேன்." சித்தி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "கூட்டிட்டு வா. நான் பாத்துக்கறேன். கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீ வர வேண்டாம்," என்றாள் சித்தி. குரலில் கோபமில்லை. "பதினோரு வயசுப் பிள்ள. புத்திக்குத் தெரியுது. ஆனா உன் கையைப் பாத்துக்கிட்டு இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. வாசலோட நின்னுக்க. படி ஏறாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்சி அந்த வீட்டின் முன் நின்றது. மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதி, மூன்று தடவைக்குப் பதில் முப்பது தடவை சரிபார்த்துக் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவை மட்டும் அவளிடம், நீங்க எதுவரைக்கும் போறீங்க என்று மரியாதையாகக் கேட்டார். இங்கதான், அதுவரைக்கும் உங்ககூட வரேன் என்றாள்.

சித்தி தெருவுக்கே இறங்கி வந்தாள். அவளைப் பார்க்கவில்லை. பையையும் மருந்துகளையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபேச்சில்லாமல் நடந்தார். இரண்டாவது படியில் ஏறியதும் நின்றார். சித்தியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி வந்துட்டானா?"

அவள் டாக்சிக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். சித்தி அவர் மணிக்கட்டை விடவில்லை.

"வந்துட்டாரு. சாப்பிட்டுப் படுத்துட்டாரு. நீங்க உள்ள வாங்க."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே படியேறி உள்ளே போனார். போகிற அவசரத்தில் இடதுகால் செருப்பு கழன்று உருண்டு தெருவில் வந்து விழுந்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். மணல் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது கீழ்ப்படி கால் விரலுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு தரையில் தேய்ந்து தேய்ந்து பின்னறைப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. மற்றதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் நின்றாள்.