சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்

ஹோம் தியேட்டர் வாங்க அட்டன் டவுனுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு நல்லமுத்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் தோட்ட லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் தேயிலை பெக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் வேண்டாமென்றால் வாங்குவதில்லை என்று என் மனைவி சண்முகவடிவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் ஸ்பீக்கர்களை இயக்குகிற ரிசீவரில் முதலில் சின்ன சப்வூஃபர் பெட்டியை மாட்டிப் பாட்டுப் போட்டார். அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"என்னா தம்பி, தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு. இதக் கேட்டுக்கிட்டு நான் எங்க தூங்குறது?"

போச்சு என்று நினைத்தேன். கடைக்காரர் விடவில்லை, பெரிய பெட்டியை மாட்டினார். கடைத் தரையே அதிர்ந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, என்னா சொல்றீங்க?"

"இருடா. நம்ம பெக்டரி ரோலர் மெசினு மாதிரியே உறுமுது. அந்தச் சத்தத்துலதான் நான் நின்னுக்கிட்டே தூங்குவேன். பெக்டரியப் பாத்துக்கிற டீமேக்கருகிட்ட மட்டும் சொல்லிறாத. இதயே எடு."

பெரிய பெட்டியைத் தாங்குகிற ரிசீவராக மாற்றித் தரச் சொன்னேன்.

"பொட்டிய எஞ் செவுத்துப் பக்கமாவே வையி" என்றார் அண்ணன்.