காகிதத் தொப்பி விருந்து

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்றித் திருநாளின் வரலாறு சொல்லித்தர மிஸ் ஹாலோவெல் வருஷா வருஷம் ஒரே வழிதான் வைத்திருந்தார். மளிகைக்கடைக் காகிதப் பையில் கை நுழைய ஓட்டை போட்டால் செவ்விந்தியர் சட்டை, தலைக்கு இறகு. கறுப்பு அட்டையில் மஞ்சள் பட்டி ஒட்டினால் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் தொப்பி. தொப்பிக்காரர்கள் பசியோடு மேசையைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இறகுக்காரர்கள் சோளமும் வான்கோழியும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போடுவார்கள். எல்லாரும் நன்றி சொல்வார்கள். அதோடு வரலாறு முடிந்தது. மிச்சத்தைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுமாம்.

மிச்சம் ரொவீனாவுக்குத் தெரியும்: சாப்பிட்டு எழுந்தவர்களே பிறகு சோறு போட்டவர்களைக் கொன்று நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் வாம்பனோக் இனத்துக்காரி. அன்று அந்தச் சோளத்தைக் கொடுத்தவர்களின் வழிவந்தவள். நன்றித் திருநாளில் அவள் வீட்டில் விருந்து கிடையாது. அந்தக் கப்பல் வந்திறங்கிய பிளிமத் கடற்கரைக்குப் போய்த் துக்கம் அனுசரித்துவிட்டு வருவார்கள். ஆனால் மகள் டெல்ஃபி வாயைத் திறந்தால் தொப்பி, தொப்பி. வேஷத்துக்குச் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கும் உயிர்த்தோழி பிரிட்டுக்கும் தொப்பி விழுந்திருந்தது. மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி! பிள்ளை ஆசைப்படுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரொவீனா வகுப்புக்கு வந்தாள்.

வந்து பார்த்தால் டெல்ஃபி தரையில் இருக்கிறாள். தலையிலிருந்து இடுப்புவரை இறகு தொங்குகிறது.

"மிஸ், அவளுக்குத் தொப்பிதானே விழுந்துச்சு?"

"நிஜமான ஆளே நம்ம கிளாஸ்ல இருக்கறப்ப தலைவர் வேஷத்த வேற யாருக்குங்க குடுக்கறது? அவளுக்குப் பெருமைதானே!"

"எங்க ஆளுங்க இப்படி இறகு வெச்சதே இல்ல. இது எங்கயோ மேற்குப் பக்கத்து ஆளுங்களோடது."

"இருக்கட்டுமே. பிள்ளைங்களுக்குப் பாத்ததும் தெரியணும்ல?"

விருந்து பார்க்க வந்திருந்த மற்ற பெற்றோர் சிரித்து வைத்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர்கள். மகளைத் தூக்கிக்கொண்டு ரொவீனா அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். எல்லாரும் பார்க்கிறார்களே என்று நின்றுவிட்டாள்.

நன்றி சொல்லி முடிந்தது. "இறகு வெச்சவங்கெல்லாம் கழட்டிட்டு கேக் சாப்பிட வாங்க!" என்றார் மிஸ் ஹாலோவெல். இறகுகள் பறந்தன. டெல்ஃபியும் பிய்த்துப் போட்டுவிட்டு பிரிட்டின் பக்கத்து நாற்காலிக்கு ஓடினாள். பிரிட் அந்த நாற்காலியின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

"நீ வரக்கூடாது."

"அதான் கழட்டிட்டேனே!"

"கழட்டினாலும் நீ அதுதான். மிஸ் சொன்னாங்க, நீ நிஜமாம். நிஜமான ஆளுங்க கீழதான் உக்காரணும்."

"பேச்சப் பாருங்களேன், வாலு!" என்று மிஸ் ஹாலோவெல் சிரித்தபடி கேக்கை வெட்டினார்.

ரொவீனா மேசைக்குப் போனாள். மகளின் தோளைத் தொட்டாள். "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்."

டெல்ஃபி தோளை உதறினாள். அம்மாவின் முகத்தையும் நீண்ட கறுப்புப் பின்னலையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"நிஜமான ஆள் நான் இல்ல, இவங்கதான்," என்றாள் பிரிட்டிடம். "நான் இவங்க பொண்ணே இல்ல."

பிரிட் கொஞ்சம் யோசித்தாள். கையை எடுத்தாள். டெல்ஃபி ஏறி உட்கார்ந்து தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். இருவரும் தலையோடு தலை முட்டிச் சிரித்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்று பிரிட்டின் அப்பா ரொவீனாவிடம் மரியாதையாகக் கேட்டார். "போட்டோல விழறீங்க."

அவள் தள்ளி நின்றாள்.