காய் முற்றும் வரை

ஊர் குறித்துவைத்த சனிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. லிசாந்த்ரோ தியுல் விடியலில் தன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேடேறும்போதெல்லாம் நாளை எண்ணிக்கொண்டே ஏறுவான். எண்ணிக்கை குறையக் குறைய மனம் லேசாகும் என்று நினைத்திருந்தான். கால்கள்தாம் கனத்துக்கொண்டு வந்தன.

காய் முற்றி நல்ல விலைக்குப் போய்விட்டால் இந்த வருடம் அவன் வடக்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டாம். மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தான். தகரக் கொட்டகையில் நாற்பது பேரோடு படுத்து, ஆளுயரத்துக்கும் மேலே முள்ளோடு தொங்கும் குலைகளை அறுத்து, வலிக்கு இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருவது. சென்ற முறை வந்தபோது இடது தோள் பிடித்துக்கொண்டு கை காதுவரை ஏற மறுத்தது. அவன் மனைவி ஒடிலியா ஒரு மாதம் சூடான உப்பு மூட்டை வைத்துப் பார்த்தாள். "இன்னொரு தடவ போனா உன்ன மூட்டையாத்தான் அனுப்புவாங்க" என்றாள். போகாதே என்று சொல்வதற்கு வேண்டிய வசதி அவளிடம் இல்லை.

அந்த மலைச்சரிவில் எவரும் ஏலக்காயை முற்ற விட்டதில்லை. முற்றிய காயை உரித்தால் விதை கறுத்திருக்கும், மணம் மூக்கில் ஏறும், வாங்குபவன் பேரம் பேச மாட்டான். இளங்காயில் விதை வெள்ளை. உலர்த்தினால் தோல் சுருங்கிப் பாதிப் பாரம் புகையாய்ப் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முற்ற விட்டவனுடைய தோட்டத்தைத் திருடன் மொட்டையடித்துவிட்டுப் போவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே திருடனுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அண்டைத் தோட்டக்காரன் எடுத்துவிட்டால் மிஞ்சி நிற்பது நம் தோட்டம் மட்டும் என்பதால், அவனுக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். இப்படியே வருடத்துக்கு வருடம் அறுவடை முன்னே நகர்ந்து, காய் பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே மூட்டை கட்டப்படும் நிலைக்கு வந்திருந்தது. அந்தக் காயை அவர்கள் தங்கள் சட்டியில் ஒருநாளும் போட்டதில்லை. கடலுக்கு அப்பால் யாரோ காப்பியில் போட்டுக் குடிக்கிறார்களாம்.

செப்டம்பரில்தான் நகரத்தில் காய் உலர்த்தும் கூடம் வைத்திருந்த ஒருவர் ஆள் அனுப்பினார். கறுத்த விதையாக எழுபது மூட்டை சேர்த்துக் கொடுத்தால் லாரியை ஊருக்கே அனுப்புகிறேன், ராத்தலுக்கு ஆறு கெட்சால் பணம் தருகிறேன் என்றார். எழுபதுக்கு ஒன்று குறைந்தாலும் லாரி வராது. அத்தனை மூட்டை இல்லாமல் அடுப்பு மூட்டினால் விறகுக்கே கட்டாது. தரகர் செவெரியானோ இளங்காய்க்குக் கொடுப்பது மூன்று. ஊர் கூடியது. நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல புனிதர் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமைவரை யாரும் ஒரு காயைத் தொடுவதில்லை என்று முடிவானது. வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் மலைச்சாமியின் குகைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணிபோல் மணக்கும் கோபால் மரப்பிசின் புகைத்து, கொக்கோ பானத்தை மண்ணில் ஊற்றி, அவரவர் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்தார்கள். முறைவைத்துக் காவலும் போட்டார்கள்.

இருந்தும் மூன்று தோட்டங்களில் களவு போயிற்று.

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்த அந்த விடியலில் காவல்முறை லிசாந்த்ரோவுடையது. மலை முழுவதும் மூடுபனி. அவன் தோட்டத்தின் கீழ்வேலியை ஒட்டிய தோட்டம் ஒடிலியாவின் தம்பி பவுலினோ சோக்குடையது. அங்கே செடிகளின் அடியில் ஏதோ அசைந்தது. ஏலத்தின் காய் தரையோடு படர்ந்த சரத்தில் பிடிக்கும். எடுக்கிறவன் குந்திக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இலைகளுக்குக் கீழே ஒரு முதுகு தெரிந்தது. லிசாந்த்ரோ வெட்டுக்கத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"எவன்டா அது? எந்திரி!"

முதுகு நிமிர்ந்தது. பவுலினோ. கையில் கூடை, பாதிக்கு மேல் காய்.

லிசாந்த்ரோவுக்கு முதலில் கோபம் வரவில்லை. தன் தோட்டத்தில் தானே பதுங்கி நிற்கிறவனை என்னவென்று அழைப்பது?

"என்ன மச்சான் பண்ற?"

"பார்த்தா தெரியல?" பவுலினோ கூடையைக் காலுக்குப் பின்னால் தள்ளினான். "கத்தியக் கீழ இறக்கு. எந்தோட்டம்தான்."

"உந்தோட்டம்னா ஏன்டா ஒளிஞ்சு எடுக்குற?"

"எல்லாரும் எடுக்குறாங்க மச்சான். மேல்சரிவுக்காரங்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு செவெரியானோவே சொன்னாரு. நாலு கெட்சால் தர்றேங்கிறாரு, ரகசியமா. நான் நல்லவனா ஒக்காந்திருந்தா கடைசில என் காய்க்கு நாயி கூட வராது."

"செவெரியானோ சொல்லாம வேற யாரு சொல்லுவா? எழுபது மூட்ட சேர்ந்துட்டா அந்தாளு பொழப்பு போச்சு."

"சேருமா?"

லிசாந்த்ரோ கத்தியை இறக்கி இடுப்பில் செருகினான். பவுலினோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "களவு போச்சுன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. அக்காவுக்காகவாவது."

"குகைல பேரு சொன்னியேடா."

"மலைச்சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஊருக்கு சொல்லாம இரு, அது போதும்."

வீட்டுக்கு வந்து லிசாந்த்ரோ ஒடிலியாவிடம் சொன்னான். அவள் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சின்ன வயசுலயே அப்படித்தான். கோழிக்குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள ஓட்ட ஒடச்சுப் பார்ப்பான்" என்றாள். அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, "சொல்லிடாத" என்றாள்.

மறுநாள் பிற்பகலே ஊர்க்கூட்டம். களவு நான்காகிவிட்டதென்று கேள்விப்பட்டதும் காவல்முறைக்காரர்கள்கூடத் தோட்டத்தை விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் அனஸ்தாசியோ எழுந்து பேசுவதற்குள் பாதிப்பேர் பேசி முடித்திருந்தார்கள். பவுலினோ முன்வரிசையில் நின்று, ஒரு மூட்டைக் காய் போயிற்று என்று முறையிட்டான். ஏற்கெனவே பறிகொடுத்த மூவரும் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். துக்கவீட்டில் உறவுக்காரர்கள் ஒருபுறமாய் ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது.

"இன்னும் பதினோரு நாளு திருடனுக்கு விருந்து வைக்கணுமா?" என்று ஒருவன் கத்தினான். "நாளைக்கே எடுத்துடலாம்!"

"எடுத்துடலாம்! கெடச்சது மிச்சம்!"

லிசாந்த்ரோவின் இடது தோள் வலித்தது. பதினோரு நாள் என்று தலைக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து நின்றுவிட்டான். எழுந்த பிறகுதான், எதைச் சொல்லக்கூடாதோ அதைத் தவிர வேறொன்றும் தன்னிடம் இல்லை என்று உணர்ந்தான்.

"திருடன் யாரும் வரலீங்க" என்றான். "பயப்படாதீங்க. பொறுங்க."

"வரலேன்னா காய் காலு மொளச்சு நடந்து போச்சா?"

"ஒனக்கெப்படித் தெரியும்? திருடன் ஒங்கிட்ட சொல்லிட்டுப் போனானா?"

"இல்ல, அவன் வீட்டுலதான் தூங்கறானோ என்னமோ!" கூட்டம் சிரித்தது. சிரிப்பில் ஒரு கூர்மை ஏறியிருந்தது. பவுலினோ தன் காலணியின் சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மைத்துனனைக் காட்டிக்கொடுக்காமல் திருடனை இல்லாமல் ஆக்க வேண்டும். லிசாந்த்ரோ தனக்குத் தெரிந்த தொழிலைப் பிடித்துக்கொண்டான்.

"சரத்தப் பாருங்கன்னு சொல்றேன். திருட வர்றவன் குந்தி ஒக்காந்து காய் காயாவா எடுப்பான்? அவனுக்கேது நேரம்? கத்தியால சரத்தோட வெட்டி மூட்டைல அடைச்சுட்டு ஓடுவான். போன வருசம் அப்படித்தான போச்சு? வெட்டுன செடி அந்த வருசம் மறுபடி காய்ச்சுதா? இப்ப பவுலினோ தோட்டத்துல ஒரு சரம்கூட வெட்டுப்படல. நுனில பூவு அப்படியே இருக்கு, பிஞ்சு இருக்கு. காய மட்டும் நகத்தால கிள்ளி எடுத்திருக்கு. அடுத்த பறிப்புக்கு விட்டு வச்சு எடுத்திருக்கு. இதப்போயி திருடன் வேலைன்னு..."

வாக்கியத்தின் நடுவிலேயே அவனுக்கு உறைத்தது. தோட்டத்துக்குச் சொந்தக்காரனைத் தவிர அடுத்த பறிப்பு யாருக்கு வேண்டும்? அதோடு நிற்கவில்லை. காவல்முறையில் போய்ப் பார்த்த மற்ற மூன்று தோட்டங்களும் அவன் கண்முன் வந்தன. அங்கேயும் சரங்கள் முழுசாகத்தான் கிடந்தன. அங்கேயும் நுனியில் பூ இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறான்; பார்த்ததை எண்ணிப் பார்த்ததில்லை.

கூட்டத்தில் இருந்த எல்லோரும் இருபது வருடமாக ஏலம் எடுத்தவர்கள். விளக்கிச் சொல்ல எதுவும் பாக்கி இல்லை. முன்னால் நின்ற நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார்கள். பின்வரிசையிலும் இரண்டு மூன்று தலைகள் குனிந்தன. இன்னும் முறையிட வராத களவுகளும் இருந்திருக்கும்போலும்.

சிரித்தது விதவை கிரிசாந்தா கூக் மட்டும்தான். ஒன்றரை மூட்டை விளையும் சிறு தோட்டம் அவளுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எவ்வளவு நல்ல திருடனுங்க பாரு! பூவுக்கு வலிக்காம எடுத்திருக்கானுங்க. எந்தோட்டத்துக்கும் ஒருத்தன அனுப்பி வைங்கய்யா, எனக்கு இடுப்பு வலி!"

அனஸ்தாசியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாக்கை மீறியவனுக்கு ஊர் அபராதம் உண்டு; ஒரு வாரம் பாதை வெட்ட வேண்டும்.

"அபராதம் போடணும்" என்றார் களைத்த குரலில். "யாரு யாருக்குப் போடுறது? போட்டா பாதை கோபான் பட்டணத்துக்குப் பாதி தூரம் போயிடும்."

"ஐயா, இன்னும் கெட்டுப் போகல" என்றான் லிசாந்த்ரோ. "எடுத்தது போனது போகட்டும். மிச்சத்தக் காப்பாத்துனா அறுபத்தஞ்சாவது தேறும். லாரி அனுப்புறவர்கிட்ட நான் பேசறேன். திருடன் இல்லேன்னுதான இப்ப தெரிஞ்சிருக்கு!"

அனஸ்தாசியோ அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, திருடன் இருந்திருந்தா இன்னும் நாலு பேர காவல் போட்டிருப்போம். இப்ப யார யாருக்குக் காவல் போடுறது?"

அவ்வளவுதான். யாரும் கலையச் சொல்லவில்லை, கலைந்துவிட்டார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் சரிவெங்கும் கூடைகள் ஏறின.

லிசாந்த்ரோ ஒரு நாள் பொறுத்துப் பார்த்தான். அவனுடைய எட்டு மூட்டைக்காக லாரி வராது. தனியாக முற்ற விட்டாலும் செவெரியானோ அதை மற்றவர்களின் இளங்காயோடுதான் கொட்டிக் கலப்பார். இரண்டாம் நாள் கணவனும் மனைவியும் கூடைகளோடு குந்தினார்கள். காய் பருத்திருந்தது. ஒன்றைப் பிளந்து பார்த்தான். விதை வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, பழுப்பேறத் தொடங்கியிருந்தது. ஒடிலியா அதைப் பார்த்துவிட்டு, "அத ஏன் பார்க்குற?" என்றாள். பிறகு அவன் பார்க்கவில்லை.

செவெரியானோ பாதையோரத்தில் தராசை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசை நீண்டிருந்தது. முந்தின வாரம் கமுக்கமாக நான்கு கொடுத்தவர் இப்போது இரண்டு என்றார்.

"ரெண்டா? மூணாவது குடுங்க, ஐயா" என்றான் லிசாந்த்ரோ.

"பின்னாடி திரும்பிப் பாரு. அத்தன பேரும் இன்னிக்கே குடுக்க நிக்குறாங்க. நான் ஒத்த ஆளு."

"எங்காய் கொஞ்சம் முத்துனது. ஒண்ண உரிச்சுப் பாருங்க."

"ஒனக்காக ஒண்ணொண்ணா உரிக்கவா? வச்சுட்டு நகரு, அப்பா."

லிசாந்த்ரோ வைத்துவிட்டு நகர்ந்தான்.

திங்கட்கிழமை பனைத்தோட்டத்துக் கங்காணி வந்து பெயர் எழுதிக்கொண்டு போனான். ஊரிலிருந்து பதினேழு பேர், அதில் லிசாந்த்ரோவும் ஒருவன். பவுலினோவின் பெயர் அதில் இல்லை. முதலில் விற்றவர்களுக்குக் கிடைத்த நான்கு கெட்சால், அவர்களை வீட்டில் இருத்திவைக்கப் போதுமானதாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின மாலை பவுலினோ வந்தான். வாசலிலேயே நின்றான். ஒடிலியா உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனுக்கென்று ஒரு சுரைக்குடுவையில் கொக்கோவை மட்டும் ஊற்றி வைத்தாள்.

"மச்சான், டிசம்பர்ல உன் சோளத்த யாரு விதைக்கிறது?" என்றான் பவுலினோ.

"ஆள் பார்க்கணும்."

"நான் விதைக்கிறேன். ஆளுங்களக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, எல்லாம் நான் பார்த்துக்கிறேன். விதைப்புக்கு முன்னாடி விரதமும் நானே இருக்கேன்."

ஒடிலியா அடுப்பிலிருந்து திரும்பினாள். "நீயா? பொண்டாட்டி பக்கம் போகாம மூணு நாளா? பன்னெண்டு நாள் காய்கிட்ட போகாம இருக்க முடியல ஒன்னால!"

"அக்கா..."

"என்னடா அக்கா? அவரு எடுக்காம இருந்தாரு, அவரு போறாரு. நீ எடுத்த, நீ இருக்க. இப்ப எங்களுக்கு ஒபகாரம் பண்ண வந்துட்ட."

பவுலினோ குடுவையைத் தொடாமல் நின்றான். வருத்தப்படுகிறான் என்பது தெரிந்தது. மறுபடி அதே நிலை வந்தால் மறுபடி அதையேதான் செய்வான் என்பதும் லிசாந்த்ரோவுக்குத் தெரிந்தது. ஒருவேளை தானும் செய்திருப்பேனோ என்று எண்ணிப் பார்த்தான். அடுத்த வருடம் செய்வேன் என்று பட்டது. அந்த எண்ணம் அவனை அதிர வைக்கவில்லை. உட்கார இடம் கிடைத்ததுபோல் இருந்தது.

வேறு ஆள் கிடையாது. முன்னமே விற்றவர்களைத் தவிர உடல் வணங்கக்கூடிய ஆண்களெல்லாம் கங்காணியின் பட்டியலில் இருந்தார்கள்.

லிசாந்த்ரோ எழுந்து, பரணிலிருந்து விதைக்கென்று கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர்களை அவிழ்த்து, வலது கையால் மைத்துனனிடம் நீட்டினான்.

"கீழ்ப்பக்கம் ஈரம் நிக்கும். அங்க ரொம்ப ஆழமா போடாத" என்றான்.