நீக்கியதற்கான காரணம்

காலை பத்து பத்துக்கு நான் அந்தப் பதிவேட்டை வெளியிட்டேன். பத்து முப்பத்திரண்டுக்குத் திரும்ப எடுத்தேன். அந்த இருபத்திரண்டு நிமிடத்தில், என் தங்கையைப் பற்றி நான் ஏழு வருடத்துக்கு முன் எழுதிவைத்திருந்த ஒரு வரியை எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேரக் கூடாத ஒருத்தியிடம் அது போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். என் தங்கை.

நான் வேலை பார்ப்பது பெண்களுக்கான ஓர் இணைய மன்றத்தில். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி, நான்கு பேர். உறுப்பினர்கள் எழுதுவதைப் படித்து மிரட்டல், ஆபாசம், விற்பனை விளம்பரம் ஆகியவற்றை நீக்குவது என் வேலை. அதற்கு நியமனக் கடிதத்தில் கௌரவமான ஒரு பெயர் இருக்கிறது. உறுப்பினர்கள் என்னைத் துடைப்பம் என்பார்கள். கோபத்திலும் அப்படித்தான், பிரியத்திலும் அப்படித்தான்.

மன்றத்தில் காத்திருப்பு அறை என்று ஒரு பகுதி உண்டு. மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் அங்கே வந்து எழுதுவாள். "டோக்கன் நாப்பத்தொண்ணு. இப்போ பதினெட்டுதான் போகுது." உடனே யாராவது, "அப்போ ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிங்க, நான் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பார்கள். யாரும் தனியாகக் காத்திருக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அந்த அறையில் அதிகம் துணையிருந்தவள் என் தங்கை. துணி திருத்தும் கடையில் தையல் வேலை. அங்கே அவள் பெயர் பாபின், தையல் எந்திரத்தின் நூல் உருளை. அவள் என் தங்கை என்பதோ, திருநங்கை என்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டால் மறைக்கமாட்டாள். யாரும் கேட்கவில்லை.

பதினோரு நாளுக்கு முன் ஓர் உறுப்பினர் சாதாரணமாகத்தான் கேட்டார். பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று இருக்கும் நேரத்தில் திருநங்கைகளும் வரலாமா? அவ்வளவுதான். இரண்டாயிரம் பதில்களுக்கு மேல் வந்தன.

"எங்களுக்குன்னு இருக்கிறதே வாரத்துல ரெண்டு மணி நேரம். அதுக்கும் பட்டிமன்றமா?"

"அவங்க நீந்த வர்றாங்க. உங்களைப் பார்க்க வரலை."

மூன்றாம்மாடி என்ற பெயரில் எழுதும் உறுப்பினர் எழுதினார்: "அடி தாங்காம ரெண்டு குழந்தைகளோட எட்டு மாசம் காப்பகத்துல இருந்தவ நான். கதவு தட்டுற சத்தம் கேட்டா என் பொண்ணு கட்டிலுக்கடியில போயிடுவா. அப்படி ஒரு கதவுக்குள்ள யார் வரலாம்னு கேட்க எனக்கு உரிமை கிடையாதா? கேட்டா உடனே வெறுப்பு பிடிச்சவளா?"

அதற்கு ஒருவர்: "உங்க பயம் நிஜம். ஆனா அவங்களும் அதே கதவைத் தட்டிக்கிட்டு, அதே மாதிரி அடிபட்டுத்தான் வர்றாங்க."

இதுவரை சண்டை. சண்டை எனக்குப் பழக்கம். ஐந்தாம் நாள் வெளியாட்கள் வந்தார்கள். பெண்களுக்காகப் பேசுகிறோம் என்று சில ஆண்கள், திருநங்கைகளுக்காகப் பேசுகிறோம் என்று சில ஆண்கள். அவர்கள் எழுதியதை இங்கே எழுதமாட்டேன். நீக்கினேன், நீக்கினேன், நீக்கிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள், "துடைப்பத்துக்கு ஒரு பக்கம்தான் தேயுது போல" என்று ஒருத்தி எழுத, இருநூறு பேர் ஒரு கோரிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். தொடக்கத்திலிருந்து நீக்கியவற்றின் பதிவேட்டை வெளியிட வேண்டும். யார் எழுதியது, யாருக்கு, எப்போது, நீக்கியதற்கான காரணம் என்ன. நீக்கிய வாசகம் மட்டும் அதில் இருக்காது.

இருநூறு பேர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. எங்கள் தலைவி, மன்றத்தை ஆரம்பித்தவர், அந்த விதியில் பெருமை கொண்டவர். "கொடுத்துடும்மா. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

இருந்தது. பதிவேட்டில் எங்களுக்கு மட்டுமான குறிப்புப் பத்தி ஒன்று உண்டு. வெளியிடும் முன் அதை வெட்டி எடுக்க வேண்டும். என் திரையில் அந்தப் பத்தி தெரியாது. தெரியாதபடி நான்தான் பல வருடத்துக்கு முன் மடித்துவைத்தேன். ஏனென்றால் அதில் இருந்த ஒரு வரியைத் தினமும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் படாதது கோப்பிலும் இல்லை என்று கை நம்பிவிட்டது.

"பாபின்: என் தங்கை. திருநங்கை. இதுபற்றி யாராவது அவளிடம் கேட்டால் உடனே நீக்கவும்."

பதினொரு மணிக்கு சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். எங்கள் வாடகையும் சம்பளமும் அந்தக் குழந்தை சோப்பிலிருந்துதான் வந்தன. தலைவி ஒலிபெருக்கியில் போட்டார்.

"எந்தப் பக்கமும் இல்லைங்க நாங்க," என்றார் விளம்பரக்காரர். ரொம்ப மரியாதையான குரல். "எங்க சோப்புக்குப் பக்கத்துல சில வார்த்தைங்க வரக்கூடாது. லிஸ்ட் அனுப்பியிருக்கேன். அந்த வார்த்தைங்க இருக்கிற பக்கமெல்லாம் நாலு மணிக்குள்ள போயிடணும். மறைச்சா போதாது. முழுசா அழிக்கணும், நீக்கினதையும் சேர்த்து."

தலைவி பட்டியலைத் திறந்தார். முப்பத்தொரு வார்த்தை. திருநங்கை இருந்தது. பாலினம் இருந்தது. கீழே காப்பகம், கருச்சிதைவு, கருப்பை.

"கருப்பை கூடாதா?"

"ஆமாங்க மேடம்."

"கருப்பை இல்லாம குழந்தை எங்கேருந்து சார் வருது? சோப்பு போட்டுக் குளிப்பாட்ட?"

"அது மேலிடத்து லிஸ்ட் மேடம்."

பதினோரு நாளாக ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பின் வார்த்தைகளும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சோப்புக்கு எல்லாமே ஒரே அழுக்குதான். அந்தப் பட்டியல்படி அழித்தால் காத்திருப்பு அறையில் பாதிக்குமேல் போய்விடும். எனக்குள் அப்போது எழுந்தது கோபமில்லை, ஆறுதல். எல்லாம் அழிந்துபோனால் என் வரியும் அழியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பஸ் ஏறித் தங்கையின் கடைக்குப் போனேன். அவள் ஒரு சீருடைக் கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கைபேசி மேசையில் குப்புறக் கிடந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தே?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் ஒரு காலை முழுதாகப் பிரித்து முடித்தாள். நூல்துணுக்குகளை ஊதிவிட்டாள். இரண்டாவது காலை எடுத்தாள். நாங்கள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது என்று பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்போம். எப்போதும் நான்தான் தோற்பேன்.

"தப்பு நடந்துடுச்சுடி. அந்தப் பத்தியை எடுக்க மறந்துட்டேன்."

"அது தப்பு. சரி. அதுக்கு அப்புறம் திட்டுறேன்." தையல் பிரிப்பானைக் கீழே வைத்தாள். "ஒருத்தங்க எனக்குப் படம் பிடிச்சு அனுப்பினாங்க. அதுல வேற மூணு வரி இருக்கு. எனக்கு எழுதினது. நீ நீக்கினது. என்னக்கா இருந்தது அதுல?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு நீக்கினே?"

கீழே கிடந்த நூல்துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினேன்.

"ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு நான் குரல் பதிவு அனுப்பியிருக்கேன். என் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டும் ஏழு வருஷமா ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கலை. நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? கேட்கணும்னுகூட அவங்களுக்குத் தோணலைன்னு நினைச்சேன்." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்போ எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். அவங்களாத்தான் கேட்காம இருந்தாங்களா? இல்லை, நீ முன்னாடி முன்னாடி பெருக்கிக்கிட்டே போனியா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"அந்த மூணையும் அனுப்பு. அனுப்பலைன்னா நான் அந்த அறைக்கு இனிமே போகமாட்டேன். உன் வீட்டுக்கும்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இறங்க மறந்துவிடுவேன் போலிருந்தது.

மூன்று மணிக்கு நீக்கியவற்றின் கிடங்கைத் திறந்தேன். முதல் இரண்டும் எனக்கு நினைவிருந்தன. யாரோ எங்கிருந்தோ வந்து துப்பிவிட்டுப் போனவை. மூன்றாவது நான்கு வருடத்துக்கு முன் மூன்றாம்மாடி எழுதியது. எழுதிய இரண்டாவது நிமிடம் நீக்கியிருந்தேன். காரணம்: தனிப்பட்ட கேள்வி. கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியிருந்தேன்.

அதை முழுதாகப் படித்தது அன்றுதான். இந்த வேலையில் முழுதாகப் படிப்பது கிடையாது. முதல் வரியிலேயே கை போய்விடும்.

"பாபின், நேத்து நீங்க அனுப்பின குரல் பதிவைக் கேட்டேன். ஒண்ணு தோணிச்சு. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. சரியா இருந்தா, அதனால நீங்க எனக்கு வேற ஆளாயிட மாட்டீங்க. எனக்குச் சில பயம் உண்டு, அதை உங்ககிட்ட மறைக்கவும் விருப்பமில்லை. பேசணும்னா பேசலாம். பேசலைன்னாலும் நாளைக்கு ஆபரேஷனுக்கு என்கூட இருங்க. வேற யாரும் இல்லை."

மறுநாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். காலை ஏழரைக்கு மூன்றாம்மாடி வந்திருக்கிறார். "டோக்கன் ஒம்பது." பாபின்: "வந்துட்டேன். எண்ணிக்கிட்டிருக்கேன்." முந்தைய நாள் கேட்ட கேள்வி, வந்த எச்சரிக்கை எதையும் பற்றி அவர் ஒரு சொல் எழுதவில்லை. அதற்குப் பின் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட எழுதவில்லை. குளத்தைப் பற்றிய சண்டையில் எல்லோரையும் பெயர் சொல்லி வாதிட்டவர், பாபின் பெயரை மட்டும் எங்கும் இழுக்கவில்லை.

தெரிந்தேதான் பாபினின் துணையை ஏற்றிருக்கிறார். அதை என் தங்கைக்குத் தெரியாமல் செய்தது நான்.

மூன்று நாற்பதுக்குத் தலைவி என் மேசைக்கு வந்தார். என் திரையில் அழிக்கும் கட்டளை தயாராக இருந்தது. உறுதியா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெட்டி நின்றது.

"ராத்திரி பகலா கட்டின இடம். எனக்கு அழிக்க மனசில்லை," என்றார். "ஆனா இதுல உன் வீட்டு விஷயம் இருக்கு. நீ அழிக்கணும்னு சொன்னா அழிச்சிடலாம். சோப்புக்காரன் மேல பழியைப் போட்டுடலாம். யாரும் உன்னைக் கேட்கமாட்டாங்க."

அதுதான் பயமாக இருந்தது. யாரும் கேட்கமாட்டார்கள். அவளிடமும், 'அழிஞ்சுபோச்சுடி, நான் என்ன பண்ண' என்று சொல்லிவிடலாம். என் விரல் பொத்தானின் மேல் எவ்வளவு நேரம் இருந்ததென்று தெரியவில்லை. மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. தலைவி காத்திருந்தார்.

மூன்றையும் பிரதி எடுத்தேன். முதல் இரண்டை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவை அவ்வளவு மோசம். மறுபடியும் பெருக்கப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் தங்கைக்கு அனுப்பினேன். பிறகு பெட்டியை மூடினேன்.

"வேண்டாம் மேடம்."

தலைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான்கு ஏழுக்குப் பக்கத்தின் ஓரத்திலிருந்து சோப்பும் சிரிக்கும் குழந்தையும் மறைந்தன. அந்த இடம் வெள்ளையாக நின்றது.

"சோப்புக்காரங்க நம்மளைக் கை கழுவிட்டாங்க," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் என்ன பண்றதுன்னு யோசிக்கணும்." யோசிக்கத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குக் காத்திருப்பு அறையில் பாபின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உள்ளே நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். காலையில் எடுத்த படம் அவர்களிடமும் போயிருக்க வேண்டும்; ஒருவரும் எழுதவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"மூன்றாம்மாடி," என்று பாபின் எழுதினாள். "நாலு வருஷம் முன்னாடி நீங்க கேட்டதை இன்னிக்குத்தான் படிச்சேன். ஆமாம். இப்போ பேசலாம்."

மூன்றாம்மாடி எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"எச்சரிக்கை வந்தது. நீங்கதான் புகார் கொடுத்தீங்கன்னு நினைச்சேன். அதான் அப்புறம் வாயே திறக்கலை."

"அது என் அக்கா."

"துடைப்பமா?"

"ஆமாம். வீட்டுலயும் அப்படித்தான்."

பிறகு, "குளத்தைப் பத்தி என் கருத்து மாறலை. பொய் சொல்ல விரும்பலை."

"மாத்தச் சொன்னேனா?"

"சொல்லுவீங்கல்ல?"

"சொல்லுவேன். சண்டையும் போடுவேன். முன்னாடியே போட்டிருக்க வேண்டியது."

"சரி. வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன். அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவள் பதில் எழுதும் முன், நான் முன்பின் பார்த்திராத ஒரு பெயர் நடுவில் வந்தது. "ஏழு வருஷமா எங்களை ஏமாத்திட்டு, இப்போ என்ன கொஞ்சல் வேண்டியிருக்கு?"

மிரட்டல் இல்லை. ஆபாசம் இல்லை. விதிப்படி நீக்க முடியாத வரி. என் கை அதற்குள் மவுஸின்மேல் போயிருந்தது. காரணம் என்ற கட்டம் திறந்திருந்தது. தனிப்பட்ட தாக்குதல் என்று பாதி எழுதியுமிருந்தேன்.

கைபேசி அதிர்ந்தது. தங்கை.

"அக்கா, கையை எடு. இதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கட்டத்தை மூடினேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் பாபின் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. மடியில் என் கை சும்மா இருக்கவில்லை. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.